வேலை பறிபோன நாட்களில்: துக்கத்துக்கு ஓர் இடம், விடைபெற ஓர் இடம்

“ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?” என்று மேலாளர் கூப்பிடும்போது அவர் குரலில் வழக்கத்தைவிட மென்மை கூடியிருந்தால், அறைக்குள் நுழைவதற்கு முன்பே நமக்குப் பாதி விளங்கிவிடுகிறது. உள்ளே மனிதவளத் துறையைச் சேர்ந்த ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். மேசைமேல் ஓர் உறை இருக்கும். அதற்குப் பிறகு பேசப்படும் சொற்களில் பெரும்பாலானவை காதில் விழும், மனத்தில் பதியாது. அந்த ஐந்து நிமிடத்தில் தொடங்கி அடுத்த சில வாரங்கள் வரை என்ன செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலையை இழப்பவர் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. தனக்கு நேர்ந்த இழப்புக்காக வருந்துவது ஒன்று. பல நாள் பழகிய இடத்திலிருந்து விடைபெறுவது இன்னொன்று. இரண்டும் கலந்துவிடும்போதுதான், ஆண்டுகள் கழிந்த பிறகும் நினைத்து நினைத்துக் கூசும்படியான காரியங்கள் நடந்துவிடுகின்றன: அலுவலகம் முழுவதற்கும் அனுப்பிய கோபமான மின்னஞ்சல், உடன் பணியாற்றியவரிடம் எறிந்த சொல், பாதியில் விட்டுவந்த வேலை. ஆகவே இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: துக்கத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள், ஆனால் அது அலுவலகமாக இருக்க வேண்டாம்.

நானும் ஒருமுறை அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பணிபுரிந்த பிரிவையே நிறுவனம் மூடியது. மேலாளர் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையின் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்ததும், அதை எடுத்துச் சரியாக வைக்க வேண்டும் என்று என் கை பரபரத்ததும் மட்டும் அப்படியே நினைவிருக்கின்றன. அதிர்ச்சியில் மனம் இப்படித்தான் ஏதோ ஒரு சின்னப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் காதில் விழுந்ததை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அந்த அறைக்குள்

பேசுவதைக் குறைத்துக்கொண்டு, சொல்லப்படுவதை எழுதிக்கொள்ளுங்கள். கையில் நோட்டு இல்லையென்றால் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்குவதில் தவறில்லை. எழுதுவது விவரத்தைப் பதிவு செய்வதோடு, நடுங்கும் கைக்கு ஒரு வேலையையும் கொடுக்கிறது. கடைசி வேலை நாள் எது, கணக்கு எந்தத் தேதிக்குள் தீர்க்கப்படும், அதில் நிலுவைச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான தொகையும் அடங்குமா, நிறுவனத்தின் மூலம் கிடைத்த மருத்துவக் காப்பீடு எதுவரை செல்லும் என்பவற்றைக் கேளுங்கள். பணி முடிவுக்கு வந்த காரணம் எழுத்தில் எப்படிக் குறிப்பிடப்படும் என்பதையும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. ஏனெனில் ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கும் பணிநீக்கம் என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளி, அடுத்த நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில்தான் உங்களுக்கு முழுமையாகத் தெரியவரும்.

“நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் நல்லது” என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், உங்களுக்குச் சேர வேண்டிய தொகையைக் கைநழுவச் செய்வதாகவும் இருக்கலாம். தாமாக விலகியவருக்குக் கிடைக்கும் உரிமைகளும் நிறுவனம் விலக்கியவருக்குக் கிடைக்கும் உரிமைகளும் பல இடங்களில் ஒன்றல்ல. எனவே அந்த அறையில் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். “இதை வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன், எவ்வளவு அவகாசம் இருக்கிறது?” என்ற ஒரு வாக்கியத்தை இன்றே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆவணத்தைப் பெற்றதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

“ஏன் என்னை?” என்ற கேள்வி தொண்டைவரை வந்து நிற்கும். கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அதற்கு நேர்மையான பதில் கிடைப்பது அரிது. எதிரே இருப்பவர்கள் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டிருப்பார்கள். பல நேரங்களில் அந்த முடிவை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர். கண்ணீர் வந்தால் வரட்டும். அழுததற்காக யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிடப்போவதில்லை. கோபம் தலைக்கேறுவதாக உணர்ந்தால், “எனக்குப் பத்து நிமிடம் வேண்டும்” என்று சொல்லி எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

முதல் இரவு

“வேலைதானே, இன்னொன்று கிடைக்கும்” என்று ஆறுதல் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் நம் துக்கத்தைச் சின்னதாக்கிவிடுகிறது. 1967-ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹி என்ற இரு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களை அவை தரும் மன அழுத்தத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்தினார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள் என்று வைத்துக்கொண்ட அந்தப் பட்டியலில், பணிநீக்கம் 47 புள்ளிகளுடன் எட்டாவது இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்தவை மரணம், மணமுறிவு, சிறை, உடற்காயம் போன்றவை. ஆகவே நெஞ்சு படபடப்பதும், சாப்பாடு இறங்காததும், மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுவதும் உங்கள் மனவலிமைக் குறைவின் அடையாளங்கள் ஆகமாட்டா. பெரிய இழப்புக்கு உடம்பு காட்டும் இயல்பான எதிர்வினை அது.

இழப்பின் துயரத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைக் கவனித்துத்தான். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் காலையில் நிம்மதியும், மதியம் ஆத்திரமும், இரவில் அவமானமும் வந்துபோகும். நிம்மதி வரும்போது குற்ற உணர்வு கொள்ளாதீர்கள். பிடிக்காத வேலையாக இருந்திருந்தால் அந்த நிம்மதியும் உண்மையான உணர்வுதான்.

முதல் இரவில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சமூக வலைத்தளத்தில் எதையும் பதிவிட வேண்டாம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். வேலைவாய்ப்புத் தளங்களைத் திறந்து, அகப்பட்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்ப வேண்டாம். அந்த விண்ணப்பங்களில் பதற்றம் எழுத்துக்கு எழுத்து தெரியும். மேலதிகாரிக்கு எழுதியே ஆக வேண்டும் என்று கை துடித்தால், மின்னஞ்சல் பெட்டியில் எழுதாமல் ஒரு தாளில் எழுதுங்கள். மின்னஞ்சல் ஒரு விரல் பட்டால் போய்விடும், தாள் போகாது. மதுவும் தூக்க மாத்திரையும் அந்த ஓர் இரவைக் கடத்திவிட்டு மறுநாளை இன்னும் பாரமாக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் அன்றிரவே கவனியுங்கள்: நடந்ததை உங்களுக்கே எந்தச் சொற்களில் சொல்லிக்கொள்கிறீர்கள் என்பது. “என்னைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்”, “நான் எதற்கும் உதவாதவன் ஆகிவிட்டேன்” போன்ற வாக்கியங்கள் தாமாகவே நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். “நான் பார்த்துவந்த வேலையை நிறுவனம் நிறுத்திவிட்டது” என்ற வாக்கியமும் அதே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறது, அதோடு உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. உங்கள் பணியில் குறை கண்டு நீக்கியிருந்தால் இது பொருந்தாது என்று தோன்றலாம். அப்போதும், “அந்தப் பொறுப்பில் அவர்கள் எதிர்பார்த்ததை என்னால் தர முடியவில்லை” என்பது ஒரு வேலையைப் பற்றிய கூற்றுதான்; உங்களைப் பற்றிய முழுத் தீர்ப்பாக அது விரிந்துவிடக் கூடாது. குறை என்ன என்று ஆராய்வதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். புண் ஆறாதபோது ஆராய்ந்தால் இல்லாத குற்றங்களையும் நாமே ஒப்புக்கொண்டுவிடுவோம்.

வீட்டாரிடம் சொல்வது

அன்றே சொல்லிவிடுங்கள். வழக்கம்போலக் குளித்து, உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், மாலைவரை எங்கோ உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டாரைக் கவலையிலிருந்து காப்பதாக நினைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்குச் செலவாகும் தெம்பு, புது வேலை தேடுவதற்குத் தேவைப்படும் தெம்பு. உண்மை வெளிப்படும் நாளில் வேலை போனதைவிட, மறைத்ததுதான் பெரிய காயமாக நிற்கும்.

துணையிடம் சொல்லும்போது முன்னுரை வேண்டாம். “என் வேலை போய்விட்டது. கடைசி நாள் இந்த மாத இறுதி. கணக்கு எவ்வளவு வரும் என்று இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. இப்போது எனக்கு யோசனை வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தால் போதும்” என்று சொல்லலாம். கடைசி வாக்கியம் மிகவும் அவசியமானது. நேசிப்பவர்கள் பதறிப்போய் உடனே வழிகளை அடுக்கத் தொடங்குவார்கள். நமக்கு அது குறைகூறலாகக் கேட்கும். அங்கே தேவையற்ற சண்டை ஒன்று முளைக்கும். அதே நேரத்தில், இந்தச் செய்தி அவருக்கும் ஓர் இடிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு அறையில் கிடைத்த அதிர்ச்சி அவருக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை வைத்து அவரை எடைபோட வேண்டாம்.

குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் தாழ்ந்த குரலில் பேச்சு நடப்பதைக் கண்டால், தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகச் சிறு பிள்ளைகள் நினைத்துக்கொள்வது உண்டு. “நான் வேலை செய்த இடத்தில் இனி வேலை இல்லை, வேறு இடம் தேடுகிறேன், இது உன்னால் வந்ததில்லை, நாம் எல்லாரும் சேர்ந்துதான் இருப்போம்” என்பது போதும். வயதான பெற்றோரிடம் ஓரிரு நாள் கழித்துச் சொல்லலாம். ஆனால் குறுஞ்செய்தியாக வேண்டாம், உங்கள் குரலிலேயே கேட்கட்டும். உறவினர்கள், அண்டை வீட்டார் அனைவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “அந்த வேலை முடிந்துவிட்டது, அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் பேச்சு தானே திசைமாறும்.

எழுதி இறக்கி வைப்பது

துக்கத்துக்கு ஒதுக்க வேண்டிய இடம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, என் அனுபவத்தில் அதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் அவருடைய சகாக்களும் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு பிரிவினர் அந்த இழப்பைப் பற்றிய தங்கள் ஆழ்ந்த எண்ணங்களையும் உணர்வுகளையும் தொடர்ந்து 5 நாட்கள் எழுதினார்கள். மற்றவர்கள் அப்படி எழுதவில்லை. உணர்வுகளை எழுதியவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. பழைய நிறுவனத்தின் மீதிருந்த கோபத்தை எழுத்தில் இறக்கிவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனவர்களிடம் கசப்பு குறைந்திருந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. ஒரு பழைய மேலாளரைப் பற்றிக் கேட்டவுடன் முகம் இறுகிவிடும் விண்ணப்பதாரர்களை எதிரே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் வியப்பாக இருக்காது.

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துப்பிழையைப் பாராமல், யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு எழுதுங்கள். யார் மீது கோபம், எந்தச் சொல் குத்தியது, எதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பெயர் சொல்லியே எழுதலாம். முடித்தபின் கிழித்துப் போட்டாலும் சரிதான். இந்த இருபது நிமிடத்துக்கு வெளியே அதே நினைப்பு வந்து அலைக்கழிக்கும்போது, “உனக்கு நாளைக் காலை நேரம் வைத்திருக்கிறேன்” என்று மனத்துக்குச் சொல்லிவிட முடிகிறது. முதலில் இது செயற்கையாகத் தோன்றும். நான்காம் நாளில் வேலை செய்யத் தொடங்கும்.

மீதமுள்ள நாட்கள்

சில நிறுவனங்கள் செய்தியைச் சொன்ன அன்றே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, கணக்கை முடக்கி, வாசல்வரை ஒருவரைத் துணைக்கு அனுப்பிவைக்கின்றன. அப்படி நேர்ந்தால் அந்தச் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: சொந்தப் பொருள்களை எடுத்துக்கொள்வது, அடையாள அட்டையையும் சாவிகளையும் ஒப்படைத்து அதற்கு ஒரு ரசீதோ மின்னஞ்சலோ பெற்றுக்கொள்வது, பக்கத்து இருக்கைக்காரரிடம் “பிறகு பேசுகிறேன்” என்று சொல்வது. உங்கள் விடைபெறல் பின்னர் தொலைபேசியில் நடக்கும். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

அறிவிப்புக் காலம் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த நாட்கள் விசித்திரமானவை. உடன் பணியாற்றுபவர்கள் கண்ணைச் சந்திக்கத் தயங்குவார்கள். நீங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். இதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியும், அந்த நிம்மதியால் வந்த குற்ற உணர்வும், அடுத்தது தானோ என்ற பயமும் சேர்ந்து அவர்கள் வாயைக் கட்டிவிடுகின்றன. முதல் வார்த்தையை நீங்களே பேசிவிட்டால் அவர்களுக்குப் பெரிய உதவி. “ஆமாம், உண்மைதான். கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை” என்றால் போதும், அவர்கள் மூச்சுவிடுவது உங்களுக்கே கேட்கும். ஆனால் அவர்களில் யாரிடமும் உங்கள் முழுக் கோபத்தையும் கொட்ட வேண்டாம். அவர்கள் நாளையும் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும்.

பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பு எழுதுவதைப் பலர் வெறும் சடங்காக முடித்துவிடுகிறார்கள், “என்னை வேண்டாம் என்றவர்களுக்கு நான் ஏன் உழைக்க வேண்டும்?” என்று கேட்கவும் செய்கிறார்கள். அந்தக் குறிப்பு நிறுவனத்துக்காக எழுதப்படுவது என்று நினைத்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். உண்மையில் அதைப் படிக்கப்போவது உங்கள் வேலையும் தன் தலையில் சுமத்தப்பட்ட ஒரு சக ஊழியர். நான் எழுதிய குறிப்பு ஆறு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலைகள், ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், கெடு எது என்று எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற விவரம். அதற்குப் பின் வந்த பக்கங்களைத்தான் எழுதி முடிக்க அதிக நேரம் பிடித்தது: எங்கும் பதிவாகாமல் என் தலைக்குள் மட்டும் இருந்த விஷயங்கள். மாதக் கடைசி அறிக்கையை எடுக்கும் முன் எந்தக் கோப்பைச் சரிபார்க்க வேண்டும், எந்த வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் பிடிக்காது, தொலைபேசியில்தான் பேச வேண்டும் என்பவை போன்றவை. அதை எழுதிக்கொண்டிருந்த இரண்டு பிற்பகல்களில்தான் நான் அங்கே இத்தனை ஆண்டு என்ன செய்தேன் என்பது எனக்கே தெரிந்தது. மனம் சோர்ந்திருந்த நாட்களில் அந்த ஆறு பக்கம் எனக்குத் தந்த தெம்பை, தேற்ற வந்தவர்களின் சொற்கள் தரவில்லை.

எதை எடுத்துச் செல்லலாம் என்பதில் கறாராக இருங்கள். சொந்தப் புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், ஆண்டு மதிப்பீடுகளில் உங்களுக்குரிய பிரதி, தனிப்பட்ட தொடர்பு எண்கள் ஆகியவை உங்களுடையவை. வாடிக்கையாளர் பட்டியல், வடிவமைப்புகள், நிரல்கள், அறிக்கைகள் ஆகியவை நீங்களே உருவாக்கியவையாக இருந்தாலும் பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். அவற்றை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். எதையும் அழிக்கவும் வேண்டாம். தனிப்பட்ட வங்கி, காப்பீடு, செயலிக் கணக்குகளில் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் முதல் நாளே மாற்றிவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்ட பிறகு ஒரு கடவுச்சொல்லை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பணி அனுபவச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம், கணக்குத் தீர்ப்பு விவரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வைத்துவிடுங்கள்.

விடைபெறும் மின்னஞ்சலைக் கடைசி நாளில் எழுதாதீர்கள். இரண்டு நாள் முன்பே எழுதி வைத்து, மறுநாள் காலையில் படித்துப் பார்த்து, குத்தலாகத் தொனிக்கும் சொற்களை எடுத்துவிட்டு அனுப்புங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: “நண்பர்களே, இன்று இங்கே எனக்குக் கடைசி நாள். உங்களோடு பணியாற்றிய காலத்தில் நிறையக் கற்றுக்கொண்டேன். அவசர நேரங்களில் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. என் வேலைகள் தொடர்பான குறிப்புகளைப் பொதுக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். இனி என்னை இந்த எண்ணில் தொடர்புகொள்ளலாம்.” நீக்கப்பட்டதற்கான காரணமோ, மறைமுகக் குறையோ, தத்துவமோ அதில் இல்லை. உண்மையில்லாத புகழ்ச்சியும் தேவையில்லை. நன்றி சொல்ல விஷயமே இல்லாத இடமாக இருந்தால், தகவலை மட்டும் சொல்லி முடிக்கலாம். நெருக்கமான நாலைந்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். அவர்கள் செய்த ஒரு குறிப்பிட்ட உதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், பொதுவான நன்றியைவிட அது நெடுநாள் நிற்கும்.

வெளியேறும் முன் மனிதவளத் துறை ஒரு பேட்டி எடுக்கலாம். அங்கே மனம் திறந்து கொட்டுவதால் எதுவும் மாறும் என்று நான் நம்பவில்லை. பணிச்சுமை, கருவிகள், பயிற்சி போன்றவற்றைப் பற்றி அளவோடு பேசலாம்; மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைத் தவிருங்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. பாலியல் தொல்லை, பாகுபாடு, சம்பள மோசடி போன்ற குற்றங்கள் நடந்திருந்தால் அவற்றைப் பேட்டியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எழுத்தில் முறையாகப் புகாராகக் கொடுங்கள். மரியாதையோடு விடைபெறுவது என்பதற்கு உரிமையை விட்டுக்கொடுப்பது என்று பொருளில்லை. சேர வேண்டிய தொகை வரவில்லையென்றாலோ, நீக்கியதே சட்டப்படி தவறு என்று தோன்றினாலோ, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ விரைவில் அணுகுங்கள். இத்தகைய முறையீடுகளுக்குக் காலவரம்பு இருக்கும். வழக்குத் தொடுப்பவரும் குரலை உயர்த்தாமல் விடைபெறலாம்.

வேலை இல்லாத காலைகள்

கடைசி நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் என் கைப்பேசி வழக்கம்போல ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுப் படுத்தேன். நேரம் போவதே தெரியாமல் பதினோரு மணி ஆகியிருந்தது. ஒரு வாரம் இப்படிப் போனபின், நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது செவ்வாய் எது வியாழன் என்று தெரியாமல் போயிற்று.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்டால் என்ற சிற்றூரில், ஊரே நம்பியிருந்த நெசவாலை 1929-30 காலத்தில் மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் அந்த ஊரை நெருக்கமாக ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார்கள். நேரம் கைநிறைய இருந்தும் அங்கே மக்கள் நூலகத்தில் எடுக்கும் நூல்களின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. வேலை இழந்த ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். ஒரு நாளில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் அதிகம் இல்லை. வீட்டு வேலைகள் கழுத்தை நெரித்த பெண்களின் நாளில் அந்த வெறுமை அவ்வளவாக இல்லை. வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்துக்கு உழைக்கும் உணர்வு, சமூகத்தில் ஓர் அடையாளம், ஓயாத செயல்பாடு. வேலை போகும்போது இந்த ஐந்தும் சேர்ந்தே போகின்றன. சேமிப்பு போதிய அளவு இருப்பவரும் துவண்டுபோவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே புது வேலை கிடைக்கும்வரை இந்த ஐந்தையும் சிறு அளவிலாவது நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள். குளித்து உடை மாற்றுங்கள். வேலை தேடுவதற்கு ஒரு குறிப்பிட்ட மேசையும் இரண்டு அல்லது மூன்று மணி நேரமும் ஒதுக்குங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். நாள் முழுவதும் தேடுபவர் சோர்ந்துபோவாரே தவிர அதிகம் தேடியவர் ஆகமாட்டார். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்கு வெளியே யாரையாவது நேரில் சந்தியுங்கள். பிறருக்குப் பயன்படும் ஒரு வேலையைக் கூலியில்லாமலாவது எடுத்துச் செய்யுங்கள். பண விஷயத்தில், கையில் இருப்பது, வர வேண்டியது, மாதம்தோறும் கட்டாயம் போக வேண்டியது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் துணையோடு சேர்ந்து பாருங்கள். பார்க்காத கணக்குதான் இரவில் வந்து மிரட்டுகிறது.

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். ஏனையோர் அவரை எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; எப்போதோ பழகியவர்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறார். வேறு பிரிவில் இருந்த சக ஊழியரும், எப்போதோ கூட்டமொன்றில் சந்தித்த வாடிக்கையாளரும் அந்த வகையினர். அவர்கள் மனத்தில் நீங்கள் எப்படி விடைபெற்றீர்கள் என்ற நினைவுதான் கடைசியாகத் தங்கியிருக்கும்.

நேர்முகத் தேர்வில் “ஏன் வெளியே வந்தீர்கள்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். இரண்டு வாக்கியத்தில் பதில் தயாரித்து, குரல் இடறாமல் வரும்வரை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். “செலவைக் குறைப்பதற்காக எங்கள் பிரிவை மூடினார்கள். அங்கே நான் செய்த வேலையைத் தொடர்ந்து செய்யும் வாய்ப்பு இங்கே இருப்பதால் விண்ணப்பித்தேன்.” குறைபாட்டுக்காக நீக்கப்பட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

துக்கம் எல்லாருக்கும் ஒரே காலத்தில் ஆறுவதில்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே இருந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, தூக்கமும் பசியும் முற்றிலும் கெட்டாலோ, மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நெருக்கடிக்கால உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வீட்டில் வேலை இழந்தவர் இருந்தால், அவரிடம் இதை நேரடியாகக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பழைய அலுவலகத்திலிருந்து சந்தேகம் கேட்டு அழைப்பு வரும். முதல் சில வாரங்களில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து, தொடர்ந்து வேலை வாங்கும் அளவுக்குப் போனால், “இதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா?” என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். எனக்கு மூன்றாம் வாரத்தில் ஓர் அழைப்பு வந்தது. என் வேலையைப் பொறுப்பேற்றிருந்த இளைஞர் தயங்கித் தயங்கி ஒரு கோப்பைப் பற்றிக் கேட்டார். நான்காம் பக்கத்தில் இருக்கிறது என்றேன். பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ஆமாங்க, இருக்கு” என்றார். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார். அன்று நாங்கள் முக்கால் மணி நேரம் பேசினோம்.